உள்ளது உள்ளபடி!

“பழைய வீடு, உள்ளது உள்ளபடி விற்கப்படும்.”

நாளேட்டின் விளம்பரப் பக்கத்தில், நான்கே வரிகளில் அடங்கிவிடும் இந்த அறிவிப்பை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கடனுக்காகக் கைப்பற்றிய வீடுகளை வங்கிகள் ஏலம் விடும்போதும் இதே சொற்றொடர் தவறாது இடம் பெறுகிறது. தந்தை மறைந்தபின் மக்கள் கைக்கு வந்து சேர்ந்த வீட்டை விற்க முனைவோர் பெரிதும் விரும்புவதும் இதனையே. கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக ஒலிக்கிறது! உள்ளது உள்ளபடி! கூட்டவில்லை, குறைக்கவில்லை, பூசவில்லை, மெழுகவில்லை. இதோ இருக்கிறது, பார்த்துக்கொள் என்று மார்தட்டிச் சொல்வது போன்ற மிடுக்கு அந்தச் சொற்களுக்கு இருக்கிறது.

ஆனால், பேரம் பேசும் இடத்திலே அச்சொற்களுக்கு வழங்கும் பொருள் வேறு. “கூரை ஒழுகினால் எம்மிடம் வராதே, சுவர் சரிந்தால் எம்மைக் கேளாதே, நாங்கள் கைகழுவிவிட்டோம்” என்பதே அங்கு அதன் உரை. உண்மையைக் குறிக்கப் பிறந்த ஒரு சொல், உண்மையை மூடும் போர்வையாகிவிடுகிறது!

இங்கே ஒரு வினா எழுகிறது. பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டை விற்கும் மகன், அந்த வீட்டின் குறைகளுக்குப் பொறுப்பாளியா? அவன் எழுப்பாத சுவர், அவன் வேயாத கூரை, அவன் எழுதாத உயில்! இவற்றிலே உள்ள கோணலுக்கு அவன் ஏன் விடை சொல்ல வேண்டும்? தரகருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய வினா என்று இதனை நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. முன்னோர் விட்டுச் சென்றதைப் பெற்று, பின்வருவோரிடம் ஒப்படைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய அறவினா இது. ஆகவே அமைதியாக ஆராய்வோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்துக்குக் கூப்பிடு தொலைவில் ஒரு பழைய வீடு. தேக்கு விட்டங்களின் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. தந்தை தம் உழைப்பால் வாங்கியது. அவருக்கு இரண்டு ஆண் மக்கள், ஒரு மகள். தாய் முன்பே மறைந்துவிட்டார். மூத்தவன் தந்தையோடு அந்த வீட்டிலேயே வாழ்ந்தவன். இளையவன் கடல் கடந்து வேலைக்குச் சென்றவன். மகள் மணமாகிச் சேலத்தில் வாழ்கிறாள்.

தந்தை ஓர் உயில் எழுதி வைத்தார். வீடு ஆண் மக்கள் இருவருக்கும் சரிபாதி. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூத்தவனுக்கு. மகளுக்கு? “திருமணத்தின்போது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்” என்ற ஒற்றை வரி. தந்தை கண் மூடினார். வீட்டை விற்றுப் பணமாக்கிக் கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தனர்.

அந்த வீட்டைப் பற்றி மூத்தவனுக்குத் தெரிந்தவை இரண்டு உண்டு. நடுக்கூடத்து விட்டத்தின் ஒரு முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, கறையான் அரித்து உளுத்துப் போயிருக்கிறது. மேலே வண்ணம் பூசியிருப்பதால் பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. 2015 டிசம்பர்ப் பெருமழையில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றியவனே அவன்தான். சுவரில் படிந்த நீர்க்கோடு, அடுத்த பொங்கலுக்கு அடித்த வெள்ளையில் மறைந்துபோயிற்று. இப்போது விற்கப் போகிறான். உள்ளது உள்ளபடி!

முதலில் சட்டத்தின் வாயிலுக்குச் செல்வோம். ‘புரோபேட்’ என்று வழங்கும் உயில் மெய்ப்பு, இறந்தவர் எழுதியதாகக் காட்டப்படும் உயில் அவர் எழுதியதே என்று நீதிமன்றம் ஆய்ந்து, தன் முத்திரையிட்டு வழங்கும் சான்று ஆகும். வெள்ளையர் ஆட்சியில், 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் எழுதப்படும் உயில்களுக்கு இம்முறையைக் கொண்டு வந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதனைத் தன் 57, 213 ஆகிய பிரிவுகளில் ஏற்றுக்கொண்டது. மதுரையில் எழுதி, மதுரையிலேயே சொத்து இருந்தால் இது கட்டாயமில்லை. சென்னை நகரத்துக்குள் எழுதினாலோ, நகரத்துக்குள் உள்ள வீட்டைப் பற்றி எழுதினாலோ கட்டாயம். ஒரே நாடு, ஒரே சட்டம்; ஆனால் ஊருக்கொரு நீதி, மதத்துக்கொரு விதி! நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இந்தக் கட்டாயத்தை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவை நீக்கியதன் மூலம் ஒழித்தது. வேண்டுவோர் இன்றும் மெய்ப்புப் பெறலாம். பெற்றே தீரவேண்டும் என்ற கட்டளை மட்டும் போயிற்று.

அலைச்சலும் செலவும் குறைந்தன, மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மெய்ப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றால், இறந்தவரின் நெருங்கிய உறவினர்க்கு அறிவிப்புச் செல்லும். “இப்படி ஓர் உயில் வந்திருக்கிறது, மறுப்பு உண்டா?” என்று நீதிமன்றம் கேட்கும். மறுப்புத் தெரிவித்தால் மனு வழக்காக மாறும், சாட்சிகள் கூண்டேறுவர். சேலத்திலே இருக்கும் மகளுக்கு, தன் தந்தை என்ன எழுதி வைத்தார் என்பதை அறிய அது ஒரு வாயிலாக இருந்தது. இன்று அந்த வாயிலைத் திறக்க வேண்டிய கட்டாயம் அண்ணனுக்கு இல்லை. சட்டத்தின் தண்டோரா ஓய்ந்த இடத்தில், மனச்சான்று பேசியாக வேண்டும். பேசுமா?

மெய்ப்பு வழங்கும் நீதிமன்றம் கேட்கும் கேள்விகளையும் எண்ணிப் பாருங்கள். கையெழுத்து அவருடையதா? தெளிந்த அறிவோடு எழுதினாரா? இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டனரா? இவற்றையே அது கேட்கும். பொறுப்பேற்றவன் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் தர வேண்டும் என்றும் விதிக்கும். வீட்டின் மதிப்பைக் கேட்கும். விட்டத்தின் உளுப்பைக் கேட்காது. எழுதிய கை தந்தையுடையதா என்று கேட்கும். எழுதியது நியாயமா என்று கேட்காது. இது நீதிமன்றத்தின் குற்றமன்று. அதன் வேலை அவ்வளவே. ஆனால் நீதிமன்றத்தின் வேலை முடிந்ததும் நம் வேலையும் முடிந்தது என்று எண்ணுகிறோமே, அங்கேதான் வழுக்கல் தொடங்குகிறது!

முதலில் வாங்குபவரின் பக்கத்தைப் பார்ப்போம்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வீட்டைப் பற்றி உரோமாபுரியில் வாதிட்டிருக்கிறார்கள். கி.மு. 44ஆம் ஆண்டில், ஏதென்சு நகரில் கல்வி பயின்று கொண்டிருந்த தன் மகனுக்காகச் சிசெரோ கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினான். அதிலே ஒரு வீடு வருகிறது. வெளியாருக்கு நல்ல வீடு. உள்ளே நோய் தரும் காற்று, படுக்கையறைதோறும் நச்சுயிர்கள், இற்றுவிழும் மரங்கள். இது வீட்டுக்காரன் ஒருவனுக்கே தெரியும். சொல்லாமல் விற்கிறான். தவறா, இல்லையா?

இரண்டு அறிஞர்கள் எதிரெதிரே நிற்பதாகச் சிசெரோ காட்டுகிறான். தயோசனீசு சொல்கிறான்: “வாங்கு என்று எவன் வற்புறுத்தினான்? சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு.” அவனுடைய மாணாக்கன் அந்திபாட்டர் மறுக்கிறான்: “வழி தெரியாதவனுக்கு வழிகாட்ட மறுப்பதே இழிவு என்கிறோம், தெரிந்தே ஒருவனைப் படுகுழியில் இறங்கவிடுவது அதனினும் இழிவன்றோ?” சிசெரோ மாணாக்கன் பக்கமே சாய்கிறான். நீ அறிந்ததை, அறிய வேண்டிய மற்றவன் அறியாதிருக்க வேண்டும் என்று உன் ஆதாயத்துக்காக விரும்பினால், அதற்குப் பெயர் மறைத்தல் என்பதே அவன் தரும் அளவுகோல்.

அதே நூலில் நடந்த வழக்கு ஒன்றும் வருகிறது. உரோமாபுரியின் குன்று ஒன்றின் மீது ஒருவனுக்கு வீடு. பறவைகள் பறப்பதைப் பார்த்துக் குறி சொல்லும் பூசாரிகள், தம் பார்வைக்குத் தடையாக உயர்ந்து நிற்கும் பகுதியை இடிக்கும்படி அவனுக்குக் கட்டளையிட்டனர். அவன் வாய் திறவாமல் வீட்டையே விற்றுவிட்டான். வாங்கியவன் மீது பாய்ந்தது கட்டளை, இடித்தான், பின்னர் உண்மையறிந்து வழக்கிட்டான். தெரிந்தும் சொல்லாத விற்பனையாளன் இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தான் காட்டோ. பறவை பறந்தால் நாடு செழிக்கும் என்று நம்பிய மூடக்காலம் அது! ஆனால் அந்த மூட இருளுக்கு நடுவிலும், மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. குறி பார்த்தது பொய், தீர்ப்பு மெய்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த இரண்டு குரல்களும் கேட்கின்றன. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்கு ஈடாக நின்றாலோ அன்றி. அதற்கு ஒரு குதிரைக் கதையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய்மூடியிருந்தால் மோசடியில்லை. வாங்குபவள் அவனுடைய மகளாகவே இருந்து, இப்போதுதான் அகவை நிறைந்தவளாகவும் இருந்தால், அவன் சொல்லியே ஆக வேண்டும்! மகளென்றால் கடமை, ஊரான் என்றால் உரிமை!

நல்லவேளையாக, நிலமும் வீடும் குதிரையைப் போன்றவையல்ல என்று பத்தாண்டுகள் கழித்துச் சட்டம் உணர்ந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குபவனுக்குத் தெரியாமல், அவன் வழக்கமான கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், விற்பவன் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு கூறுகிறது. உடைந்த சன்னலைச் சொல்ல வேண்டியதில்லை. கண் இருப்பவன் பார்த்துக் கொள்வான். சுவருக்குள் உளுத்த விட்டத்தைச் சொல்லியாக வேண்டும். சுவருக்குள் பார்க்கும் கண் எவருக்கும் இல்லை.

“எதிரான ஒப்பந்தம் இல்லாதபோது” என்று அந்தப் பிரிவுக்கு ஒரு தலைவாசல் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ‘உள்ளது உள்ளபடி’ நுழையப் பார்க்கிறது. இறந்தவருக்காகப் பொறுப்பேற்று விற்பவனிடம், உரிமை பற்றிச் சட்டம் கேட்கும் உறுதிமொழியும் குறைவே: “இச்சொத்துக்கு ஊறு செய்யும் எச்செயலையும் நான் செய்யவில்லை” என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஏன் இந்தச் சலுகை? அவன் அந்த வீட்டின் முழு வரலாற்றையும் அறிந்திருக்க முடியாது என்பதால்! அறியாமைக்காகத் தரப்பட்ட சலுகை அது. அறிந்ததை விழுங்குவதற்காகத் தரப்பட்டதன்று.

இங்கே நாம் நடுவுநிலை தவறலாகாது. உள்ளது உள்ளபடி விற்பதே தீது என்று கூறினால் அது அறியாமை. கடல் கடந்து வாழும் இளையவன், பதினைந்து ஆண்டுகளாக அந்த வீட்டின் படி மிதிக்காதவன். கூரையைப் பற்றி அவன் என்ன உறுதி தர முடியும்? பழுது பார்க்கக் கையில் பணம் இல்லாத குடும்பங்கள் எத்தனை! தந்தையின் மருத்துவக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, கூரையை மாற்றிவிட்டு விற்று வா என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட வருபவருக்கு அந்த விட்டம் உளுத்தால் என்ன, உறுதியாயிருந்தால் என்ன? இருக்கும் நிலையிலேயே, அதற்கேற்ற விலைக்கு வாங்குவோரும் விற்போரும் மனமொத்துச் செய்யும் வணிகத்தில் குற்றமேதும் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த வேறுபாட்டைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. அங்கே வீடு விற்போர், குறைகளைப் பட்டியலிடும் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். இறந்தவர் சொத்தைப் பொறுப்பாளர் விற்கும்போது அந்தப் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. அவர் அங்கு வாழ்ந்தவர் அல்லராக இருக்கக்கூடும் என்பதால். ஆனால் அவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை மறைக்க அந்த விலக்கு இடம் தருவதில்லை. படிவம் போயிற்று, வாய்மை போகவில்லை.

ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவாகிறது. “பழுது பார்த்துத் தரமாட்டேன்” என்று சொல்ல விற்பவனுக்கு உரிமை உண்டு. “பழுது இருப்பதைச் சொல்லமாட்டேன்” என்பதற்கு உரிமை இல்லை. அறியாத குறைக்கு அவன் பொறுப்பாளியல்லன். அறிந்த குறையை விழுங்கினால், கறையான் அரித்தது விட்டத்தை மட்டுமன்று!

விற்பவனை மட்டும் சாடிவிட்டு நகர்ந்தால் நாம் பகுத்தறிவாளர் ஆகோம். வாங்க வருபவர் என்ன செய்கிறார்? மாதக் கணக்கில் அலைகிறார். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டப் போகிறார். வீட்டைப் பார்க்க யாரை அழைத்து வருகிறார்? கட்டடப் பொறியாளரையா? இல்லை, வாஸ்து பார்ப்பவரை! வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, கிணறு எந்தக் கோணம் என்று அவர் அளக்கிறார். அவர் தலைக்கு மேலே விட்டம் உளுத்து நிற்கிறது. அவர் கண்ணோ ஈசானிய மூலையில்! வாசல் கிழக்கு நோக்கினால் வெள்ளம் மேற்கே திரும்பிப் போய்விடுமா? அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் “மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும்?” என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் அறிவை, நாலாயிரம் ரூபாய் தட்சணை தந்து தொலைக்கிறார். வில்லங்கச் சான்று பார்ப்பதற்கு முன்னே நல்ல நேரம் பார்க்கிறார்! மூடநம்பிக்கை, ஏமாற்றுபவனுக்கு இலவசமாகக் கிடைத்த கூட்டாளி.

மேலை நாட்டார் இதிலே மேலோர் என்று எண்ண வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் நயாக் என்னும் ஊரிலே ஒரு வீடு. பேய் உலவுகிறது என்று வீட்டுக்கார அம்மையாரே ஏடுகளில் பரப்பியிருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர், அதை அறியாமல், உள்ளது உள்ளபடி வாங்க ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுத்தார். பின்னர் அறிந்து வழக்கிட்டார். 1991ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் பார்வையில் அது பேய் வீடே என்று கூறி, ஒப்பந்தத்திலிருந்து அவர் விலக இடமளித்தது. பேய் உண்டு என்று நீதிபதிகள் நம்பிவிட்டார்களா? இல்லை. ஊரெங்கும் பேய்க் கதை பரப்பியவர், வாங்குபவரிடம் மட்டும் அதை மறைத்து, பிறகு பேயே இல்லை என்று வாதிட முடியாது என்பதுதான் தீர்ப்பின் உட்பொருள். பேய் இல்லை, ஆனால் பேய்க் கதையால் விலை குறையும் என்பது உண்மை. பொய்யைப் பரப்பியவரே அந்தப் பொய்க்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இனி, நமக்கு மிக நெருங்கிய இடத்துக்கு வருவோம். வாங்குபவர் ஊரார், இவளோ உடன்பிறந்தவள்.

சேலத்திலிருந்து தங்கை வரவழைக்கப்படுகிறாள். சாப்பாடு முடிகிறது. ஒரு தாள் நீட்டப்படுகிறது. “வீட்டை விற்கிறோம் அம்மா. உனக்கு மறுப்பு இல்லை என்று ஒரு கையெழுத்து. வழக்கறிஞர் கேட்கிறார்.” உயிலைக் காட்டினார்களா? இல்லை. படிக்க நேரம் தந்தார்களா? இல்லை. “அண்ணன் கேட்டு மறுப்பாயா?” என்ற பாசம் ஒரு கையில், “பிறந்த வீட்டு உறவு வேண்டாமா?” என்ற மிரட்டல் மறு கையில். அவள் கையெழுத்திடுகிறாள். விட்டத்து உளுப்பை வண்ணத்தால் மறைத்தார்கள். வீட்டு அநீதியைப் பாசத்தால் பூசுகிறார்கள். இரண்டும் ஒரே பூச்சு வேலைதான்!

பெண்ணுக்கும் ஆணுக்கு ஒப்பச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானித்தது. அன்று எள்ளி நகையாடினார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. ஆனால் 23ஆம் பிரிவில் ஒரு பூட்டுப் போட்டது. குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள மனம் வைக்கும்வரை அவள் பாகம் கேட்க முடியாது! பங்கு உண்டு, கேட்கும் வாய் இல்லை. 1989ஆம் ஆண்டு மார்ச் 25 முதல், தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை தந்தது. அந்நாளுக்கு முன் மணமானவர்கள் மட்டும் வெளியே நின்றனர். 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. அந்த வேறுபாடும் போயிற்று, 23ஆம் பிரிவின் பூட்டும் உடைந்தது. தந்தை அந்நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. செங்கற்பட்டிலிருந்து அங்கே செல்லத் தொண்ணூற்றொரு ஆண்டுகள்!

ஆனால், தான் ஈட்டிய சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கத் தந்தைக்கு உரிமை உண்டு. ஆகவே சட்டம் திறந்த கதவை உயில் சாத்திவிட முடியும். நம் சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் நடந்தது அதுதான். “திருமணத்தின்போது செய்துவிட்டோம்” என்கிறது அந்த ஒற்றை வரி. என்ன செய்தார்கள்? மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகையும் ரொக்கமும் கொடுத்தார்கள். 1961ஆம் ஆண்டிலேயே குற்றம் என்று சட்டம் அறிவித்த வரதட்சணையை, மகளுக்குத் தந்த பங்கு என்று கணக்கெழுதுகிறார்கள்! கொடுத்தது யாருக்கு? வாங்கியது யார்? அவள் கைக்கு வந்தது என்ன? நூறு பேர் சாப்பிட்ட பந்திச் செலவுகூட அவள் பெயரில் பற்று!

“உயில் அப்படி இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது?” என்று அண்ணனும் தம்பியும் கேட்கக் கூடும். உண்மை, அவர்கள் எழுதவில்லை. சட்டத்தின் முன் அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அந்த உயிலும் ஒரு பழைய வீடுதான். தந்தை நல்லவராக இருக்கலாம். அவர் வாழ்ந்த காலத்தின் கறையான் அவர் எழுத்திலும் ஏறியிருக்கிறது. அந்தக் குறையை அறிந்த பிறகும், உள்ளது உள்ளபடி அதனை ஏற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வார்களானால், அதுவரை தந்தையுடையதாக இருந்த அநீதி அன்றுமுதல் அவர்களுடையது ஆகிவிடுகிறது. உயில் அவர்களுக்கு உரிமை தருகிறது. தங்கைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை விதிக்கவில்லை. மூன்றாகப் பிரித்துக் கொடுக்க எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. மனம் ஒன்றே போதும்.

“தந்தையின் விருப்பத்தை மீறலாமா?” என்று சிலர் பதறுவார்கள். தந்தையின் விருப்பம் என்பதற்காக உளுத்த விட்டத்தின் கீழே குழந்தையைத் தூங்கவைப்பார்களா? மாட்டார்கள். மரத்திலே உளுப்பென்றால் மாற்றத் தயங்காதவர்கள், மரபிலே உளுப்பென்றால் மட்டும் கைகட்டி நிற்பது ஏன்? தந்தையை மதிப்பது என்பது அவருடைய குறைகளையும் சேர்த்துக் கும்பிடுவதன்று. அவர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி முன்னே நடப்பதுதான் அவருக்குச் செய்யும் சிறப்பு.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நாம் எழுப்பாத சுவரின் கோணலுக்கு நாம் குற்றவாளிகள் அல்லோம். அதே காரணத்தால், நாம் எழுப்பாத மாளிகைக்கு நாம் பெருமை கொள்ளவும் இடமில்லை. பிறப்பால் வந்தது புகழும் தராது, பழியும் தராது. ஆனால் அறிந்த நொடியிலிருந்து கடமை பிறக்கிறது. அறிந்தபின் வாய்மூடினால், அந்த மௌனம் முன்னோர் தந்ததன்று. நம் சொந்தச் சம்பாத்தியம்!

இளைஞர்களே! வீடு உள்ளவர்க்கு மட்டும் உரிய பாடமாக இதனைக் கொள்ளாதீர். ஓர் அங்குல நிலமும் இல்லாதவருக்கும் நம் நாட்டில் ஒரு மரபுரிமை உண்டு. சாதி என்னும் சுவர், சடங்கு என்னும் கூரை, பெண்ணை ஒதுக்கி வைக்கும் இருட்டறை. இந்தப் பழைய வீட்டிலே நாம் அனைவரும் பங்காளிகள். “எங்கள் தாத்தா கட்டியது, நாங்கள் என் செய்வோம்? உள்ளது உள்ளபடி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம்” என்பார் நிறையப் பேர். மேலே புதிதாக வெள்ளையடித்து, ‘நம் பண்பாடு’ என்று பெயர்ப்பலகையும் மாட்டுவார்கள். அந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்ப்பதுதான் பகுத்தறிவின் வேலை. வெள்ளம் எதுவரை ஏறியது, எவரை மூழ்கடித்தது என்னும் நீர்க்கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் நேர்மை.

பெரிய வீட்டைச் சீர்திருத்தப் புறப்படுமுன், சின்ன வீட்டில் தொடங்கலாம். உங்கள் குடும்பத்திலே ஒரு வீடு விற்பனைக்கு வருமானால், ஒரு தாளை எடுங்கள். தெரிந்த குறைகளை ஒன்று, இரண்டு என்று எழுதுங்கள். தெரியாதவற்றைத் தெரியாது என்றே எழுதுங்கள். வாங்க வருபவரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னே அதைக் கொடுங்கள். உயிலின் படி ஒன்றை உடன்பிறந்தாள் கையில் கொடுத்து, “படித்துப் பார், வேண்டுமானால் உன் வழக்கறிஞரிடமும் காட்டு, பிறகு பேசுவோம்” என்று சொல்லுங்கள். விலை ஓரிரு இலட்சம் குறையக்கூடும். பங்கு இரண்டு மூன்றாகக்கூடும். குறையட்டும்! பத்திரப் பதிவு அலுவலகத்தில் விரல் ரேகை பதித்துவிட்டு வெளியே வரும்போது, வாங்கியவர் முகத்தையும் தங்கை முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியும்.

அன்று சொல்லலாம், தலை நிமிர்ந்து: உள்ளது உள்ளபடி விற்றோம், உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றோம்!